"நம்மட ஆள்" என்றால் எழுத்து வேண்டாமா?



இதை வாசித்துவிட்டு சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று எந்தப் பக்கம் போனாலும் கூரை வேலை. நிவாரணமாக வந்த காசு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு, நகை அடகு வைத்த காசு எல்லாம் கூரைக்குத்தான் போகிறது. அந்தக் காசை ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் கையில் கொடுக்கிறோம். கேட்டால், "நம்மட ஆள்தானே."

எனக்குத் தெரிந்த ஒரு உம்மா, மாணவர் ஒருவரின் தாய். கணவர் கட்டாரில். பள்ளிவாசலில் முன் ஸஃப்பில் நிற்கும் ஒருவர் என்பதால் நம்பிப் பாதிக் காசை அட்வான்ஸாகக் கொடுத்தார். வந்தார்கள், பழைய ஓட்டை ஒரே நாளில் இறக்கினார்கள், அடுத்த நாள் வேறொரு வேலைக்குப் போய்விட்டார்கள். தறப்பாளுக்குக் கீழே மூன்று பிள்ளைகளோடு இரண்டு கிழமைக்கு மேல் இருந்தார். கடைசியில் வந்த தகரம் பேசிய தகரமும் இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "என்ன ராத்தா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" ஊர்ப் பெரியவர்களிடம் போனார். "பொறுத்துக்கொள்ளுங்க, நம்மட புள்ளதானே" என்றார்கள். அந்தத் தாய் யாருடைய புள்ள?

எழுத்துக் கேட்பது நம்பிக்கையில்லாத வேலையாம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று நம் மத்ரஸாப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அல்பகரா 282. அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறிய தொகை, பெரிய தொகை என்று பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அட்வான்ஸ் என்பது வேலை முடியும்வரை பாஸின் தலையில் இருக்கும் கடன் இல்லாமல் வேறென்ன? தொப்பி போட்டவரிடம் எழுத்துக் கேட்கக் கூடாது என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

இனி நடைமுறைக்கு வருவோம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று விலை சொல்வார்கள். எந்தச் சதுர அடி? நிலத்தின் அளவா, கூரைச் சரிவின் அளவா? 30 பாகை சரிவுள்ள கூரை, கீழே 1,000 சதுர அடியை மூடுவதற்கு மேலே சுமார் 1,155 சதுர அடி வரும். தாழ்வாரம் வெளியே நீட்டினால் இன்னும் கூடும். இது ஓ.எல். கணக்கு. முதல் நாளே பேசாவிட்டால் கடைசி நாள் சண்டை. யாரைக் குறை சொல்ல?

தகரம் என்றால் கனத்தை எழுதுங்கள். 0.47 மி.மீ. என்று வாயால் சொல்லிவிட்டு அதைவிட மெல்லியதை ஏற்றினால், கீழே நின்று பார்க்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? நிறம் ஒன்றுதான். மைக்ரோமீற்றரால் அளந்தால் ஒரு நிமிட வேலை. பொக்ஸ் பாருக்கும் இதே கதை. முடியுமானால் சாமான்களை நீங்களே ஹார்ட்வெயாரில், உங்கள் பெயருக்குப் பில் போட்டு வாங்குங்கள். பாஸுக்குக் கூலி மட்டும், வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக. முழுத் தகரமும் முற்றத்தில் இறங்கும்வரை பழைய கூரையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. பத்தில் ஒரு பங்கையாவது பிடித்து வையுங்கள், ஒரு பெரிய மழை பெய்து முடியும்வரை. பெரிய கொந்தராத்துகளில் இப்படிப் பிடித்து வைப்பது சாதாரண வழக்கம். உங்கள் வீட்டுக்கு மட்டும் அது அவமரியாதையா?

முன்பு செய்த வேலையைக் காட்டச் சொன்னால் வட்ஸ்அப்பில் படம் வரும். போன மாதம் முடித்த கூரை எல்லாமே அழகுதான். அந்த நவம்பர் மழையைக் கண்ட கூரையைக் கேளுங்கள். பாஸ் இல்லாத நேரத்தில் போய் வீட்டுக்காரரிடம், குறிப்பாகக் குசினியில் வாளி வைக்கிறவரிடம், விசாரியுங்கள். ஆணித் துவாரம் ஒழுகுகிறதா, இரண்டு கூரை சேரும் பள்ளத்துப் பீலி வழிகிறதா, சொன்ன பிறகு திரும்பி வந்தாரா? திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறவர் என்று தெரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். ரப்பர் வொஷர் நசிந்தால் அந்தத் துவாரம் ஒழுகத்தான் செய்யும்.

பீலி என்றதும் இன்னொன்று. 1,000 சதுர அடியில் 100 மி.மீ. மழை விழுந்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். அதை எங்கே விடப் போகிறீர்கள் என்று பாஸிடம் கேளுங்கள். "பின்னால விடலாம்" என்பார். நம் ஊர்களில் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெட்டிய மண் திட்டு, அதற்குக் கீழே இன்னொருவரின் வீடு. எத்தனை மண்சரிவைப் பார்த்தும் இந்தப் பதில் மாறவில்லை.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கிரைண்டரால் வெட்டுகிறவரைக் கேற்றுக்கு உள்ளே விடாதீர்கள். அந்தத் தூசு புற்றுநோய் தரும். (2018 ஜனவரியில் வரவிருந்த தடையை, 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அரசாங்கம் பின்வாங்கியது. வண்டு ஒன்றுதான் காரணம் என்றார்கள். அதை நம்புகிறவர்கள் நம்பட்டும்.)

கம்பனி என்று லெட்டர்ஹெட் நீட்டி லட்சக்கணக்கில் கேட்பவரிடம், நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் அது. இரண்டு பேரோடு வரும் பாஸிடம் அது இருக்காது. அது குற்றமும் இல்லை. ஆனால் என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கலாம், கேட்டால் என்ன? அப்படிச் சான்றிதழ் வைத்திருக்கும் சிங்கள பாஸை விட்டுவிட்டு, ஏணியைக்கூட இரவல் வாங்கும் நம்மட ஆளைக் கூப்பிடுகிறோமே, இது சமூகப் பற்றா? ஒழுகும் தண்ணீர் கலிமா சொன்னவரின் ஆணியா என்று பார்த்து நிற்பதில்லை.

நல்ல பாஸ்மார் கோபிக்க வேண்டாம். பாதி வேலையில் "அந்த மூலையையும் சேர்த்துப் போட்டுவிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காசு தராத வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! அந்தக் கடதாசி உங்களுக்கும் காவல். பிரச்சினை வந்து மத்தியஸ்த சபைக்குப் போனாலும், 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையில் முறையிட்டாலும், முதலில் கேட்பது பில் எங்கே, எழுத்து எங்கே என்றுதான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு கேள்வி. ஜமாஅத்தின் ஸதகாக் காசில் கூரை போடும்போது எத்தனை பேரிடம் விலை கேட்டீர்கள்? அந்த மூன்று விலைப் பத்திரங்களையும் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தல் பலகையில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

வேலை விபரம், கனம், அளக்கும் முறை, காசு கொடுக்கும் கட்டங்கள், முடிக்கும் திகதி, இரண்டு சாட்சி, எல்லாம் அடங்கிய ஒரு பக்கப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். தேவையானவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத சகோதரிகள் கையெழுத்து வைக்கும் நாளில் சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், பாடசாலை விட்டதும் வருகிறேன்.