பால்குடி மறக்காத நாய்க்குட்டி வியாபாரம்! விதி இருக்கு, கேட்பார் யார்?

சென்னை,
உள்ளங்கையில் அடங்கும் பொமரேனியன் குட்டி. ஒரு மாசம் ஆச்சு, நல்லா சாப்பிடும் என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். வாங்கிப் போன வீட்டில் மறுநாளே குட்டி சுருண்டு விழுகிறது!

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே விதி போட்டுவிட்டது. பின்னே ஏன் இந்த அவசரம்? நாள் ஏற ஏறத் தீனிச் செலவு, ஊசிச் செலவு. வளர்ந்த குட்டிக்குக் கிராக்கியும் குறைவு. செலவும் ஆபத்தும் வாங்குகிறவர் தலையில்!

குட்டை ஜாதிக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பு கிடையாது. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம். உடனே ஈறில் குளுக்கோஸ் தண்ணீரைத் தடவி, துணியில் சுற்றி வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ ஓட வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றினால் புரையேறிப் போய்விடும்.

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கில் முடியும். நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரை 3, 4 மணிக்கொரு தரம், ராத்திரியிலும் கொடுக்க வேண்டும்.

குட்டி வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் காட்டச் சொல்லுங்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள். மழுப்பினால் நடையைக் கட்டுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால், குட்டி தாய் மடியிலேயே இருக்கும்!