ஆளுக்கு ஆள் மாற்றும் வியாபாரம்

2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. லாபமா நஷ்டமா என்று உளுந்தூர்பேட்டை டீக்கடைகளில் ஒரே வாதம். சாம்சனுக்கு 18 கோடி. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. கோடி வாங்குகிறவனுக்காக நாம் ஏன் அழவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். அழவேண்டாம். ஆனால் வியாபாரத்தின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்வோம்.

இந்த வித்தை அமெரிக்கக் கூடைப்பந்தில் நன்றாகத் தேறியிருக்கிறது. அங்கே அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டிய அணி, பணமூட்டையை அவிழ்த்து நட்சத்திர ஆட்டக்காரனை வாங்கிவிட முடியாது. ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு ஆட்களைப் பதிலுக்குத் தள்ளவேண்டும். போதாவிட்டால், வருங்காலத்தில் புது வாலிபர்களைப் பொறுக்கியெடுக்கும் முறையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவற்றில் அந்தோணி டேவிசோடு 2029ஆம் ஆண்டின் ஒரு முறையும் உண்டு. அந்தப் பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பான்! அப்பன் பட்ட கடனுக்கு மகனைப் பண்ணையில் விட்ட கதை நம் கிழவர்களுக்குத் தெரியும். டான்சிச்சுக்கோ, எல்லாம் முடிந்த பிறகுதான் சேதி.

இங்கே ஐ.பி.எல். விதிப்படி ஆட்டக்காரனின் சம்மதம் வேண்டும். நல்லதுதான். அமெரிக்காவில் அநேகருக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் அவர்களுக்கு 1954 முதல் சங்கம் இருக்கிறது. 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில் நட்சத்திர ஆட்டம். கூட்டம் நிரம்பிவிட்டது, தொலைக்காட்சி காத்திருக்கிறது. ஆட்டக்காரர்களோ உடைமாற்றும் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வூதியத்தை ஒப்புக்கொள், அப்புறம் ஆடுகிறோம்! லேக்கர்ஸ் முதலாளி தம் ஆட்களை மிரட்டிச் சேதி அனுப்பினார். அவர்கள் அசையவில்லை. ஓய்வூதியம் கிடைத்தது, ஆட்டமும் நடந்தது. 1970ல் சங்கத் தலைவர் ஆஸ்கார் ராபர்ட்சன் பெயரில் முதலாளிமார் மீது வழக்குப் போட்டார்கள். 1976ல் ஏற்பட்ட சமரசத்தில், ஒப்பந்தம் முடிந்தவன் வேறு அணிக்குப் போக வழி திறந்தது. ஆறு வருஷப் போராட்டம்!

நம் நாட்டில் 2019ல் இந்திய கிரிக்கெட்டர்கள் சங்கம் ஏற்பட்டது. அது ஓய்வுபெற்றவர்களுக்கானது, ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. 18 கோடி 14 கோடியானபோது, ஜடேஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு சங்கச் செயலாளர் இல்லை.