பந்து கையை விட்டாலும் ஃபவுல் ஃபவுல்தான்!

பாடி, கொரட்டூர், முகப்பேர் பக்கம் சாயங்காலம் பாஸ்கெட்பால் ஆடும் இடங்களில் அடிக்கடி வரும் சண்டை இது. ஒருவன் ஜம்ப் ஷாட் போடுகிறான். பந்து கையை விட்டுப் போன பிறகு டிஃபெண்டர் அவன் காலடியில் நுழைகிறான். இறங்குகிறவன் அந்தக் காலின் மேல் இறங்கி, கணுக்கால் பிசகி விழுகிறான். "ஃபவுல்!" என்று ஒரு பக்கம் கத்துவார்கள். "பந்துதான் போயிடுச்சே, அப்புறம் என்ன ஃபவுல்?" என்று எதிர்ப்பக்கம் கத்துவார்கள். கடைசியில் ஒரு மேதாவி, "அதெல்லாம் என்.பி.ஏ. ரூல், இங்க செல்லாது" என்று தீர்ப்புச் சொல்வார்.

சுத்தப் பொய்!

ரூல் புத்தகங்கள் வேறுபடுவது உண்மைதான். ஆனால் எதில் வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டாமா?

முதலாவது, ஷூட்டரே போய் மோதும்போது. டிஃபெண்டர் முன்பே சரியான இடத்தில் நிற்கிறார். ஷூட்டர் பந்தை விட்டுவிட்டு, அந்தரத்தில் இருந்தபடியே அவர் நெஞ்சில் இடிக்கிறார். இந்தியாவில் ஆடப்படும் ஃபிபா விதிப்படி ஃபவுல் ஷூட்டர் மேல்தான். ஆனால் பந்து கூடையில் விழுந்தால் பாயிண்ட் உண்டு! பந்து கையை விட்டதுமே அந்த அணியின் 'கன்ட்ரோல்' முடிந்துவிட்டது என்பது கணக்கு. அந்தக் குவார்ட்டரில் ஷூட்டரின் அணி ஏற்கனவே 4 ஃபவுல் செய்திருந்தால், இடி வாங்கியவருக்கு 2 ஃப்ரீ த்ரோ. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதியில் கதையே வேறு. தரைக்கு வரும்வரை ஷூட்டர் பந்தைக் கையில் வைத்திருப்பவர் மாதிரிதான். பாயிண்ட் ரத்து, ஃப்ரீ த்ரோவும் கிடையாது.

இரண்டாவது, கூடைக்கு அடியில் உள்ள அரைவட்டம். அதற்குள் நிற்கும் டிஃபெண்டர், பாய்ந்து வருகிறவர் மேல் சார்ஜிங் கேட்க முடியாது. என்.பி.ஏ. 1997-ல் 4 அடி ஆரத்தில் இதைக் கொண்டுவந்தது. ஃபிபா 2010-ல் 1.25 மீட்டரில் போட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் அந்தக் கோடே இல்லை.

கவனித்தீர்களா? இந்த இரண்டுமே ஷூட்டர் போய் இடிப்பதைப் பற்றியவை. ஷூட்டருக்கு அடிபடும் விஷயத்தில் மூன்று புத்தகமும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. அந்தரத்தில் இருப்பவர் தரைக்குத் திரும்பும்வரை ஷாட் முடியவில்லை. ஃபிபா இன்னும் தெளிவு: இரண்டு காலும் தரையில் பட வேண்டும். எழும்பிய இடத்திலேயே இறங்க அவருக்கு உரிமை உண்டு. எழும்பும் நேரத்தில் காலியாக இருந்தால் வேறு இடத்திலும் இறங்கலாம். அவர் எழும்பிய பிறகு அந்த இடத்துக்குள் நுழைந்து மோதினால் ஃபவுல். பந்து விழுந்திருந்தால் பாயிண்ட்டோடு 1 ஃப்ரீ த்ரோ, விழாவிட்டால் 2 அல்லது 3.

பாடி மேம்பாலத்தில் இருந்து இறங்கும் லாரிக்குக் குறுக்கே பைக்கை விட்டுவிட்டு, "பாலம்தான் முடிஞ்சிடுச்சே" என்று யாராவது வாதாடுவார்களா?

2017 மே 14 அன்று நடந்த என்.பி.ஏ. மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் காவாய் லெனார்ட் ஷாட் போட்டுவிட்டு ஸாஸா பச்சூலியாவின் கால் மேல் இறங்கினார். அந்தத் தொடரில் அதற்குப் பிறகு அவர் ஆடவேயில்லை. அடுத்த சீசனில் இருந்து இந்த மாதிரி நுழைவதை வீடியோவில் பார்த்துத் தண்டனையைக் கூட்ட நடுவர்களுக்கு அதிகாரம் வந்தது. கோடிக்கணக்கில் சம்பளமும் கூடவே டாக்டரும் இருப்பவருக்கே இந்தக் கதி. சிமென்ட் தரையில் ஆடும் பிளஸ் டூ பையனுக்கு?

"ஷூட்டருங்க வேணும்னே காலை நீட்டி ஏமாத்துறாங்களே" என்பார்கள். வாஸ்தவம்தான். அதற்கும் புத்தகத்தில் மருந்து இருக்கிறது. இயல்பில்லாமல் காலை உதைத்தால் ஃபவுல் ஷூட்டர் மேல். என்.பி.ஏ. 2021-22 சீசனில் இதை இன்னும் இறுக்கியது. சிலர் ஏமாற்றுகிறார்கள் என்பதற்காக எல்லார் கணுக்காலையும் பலி கொடுக்க முடியாது.

ரூல் தெரியாது என்று சொல்லும் தகுதி சென்னைக்குக் கிடையாது. 1920-ல் ஹாரி க்ரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்த ஊர் இது. பாடிக்குப் பக்கத்திலேயே, வில்லிவாக்கத்தைத் தாண்டினால் ஐ.சி.எஃப்.; அதற்கென்றே ஒரு பாஸ்கெட்பால் டீம் உண்டு. இல்லாதது அறிவு அல்ல, அக்கறை. ஷூட்டரின் கையையும் பந்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் நடுவர்தான் இந்த விளையாட்டின் பெரிய ஆபத்து.

கேட்பது பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு டப்பா பெயின்ட்டில் அரைவட்டம் போடலாம். ஷூட்டரின் இரண்டு காலும் தரையில் படும்வரை நடுவர் கண்ணை எடுக்காமல் இருக்கலாம். பந்து கூடையில் விழுந்ததா என்று சொல்ல ஊரே இருக்கிறது. ஷூட்டர் எங்கே இறங்கினான் என்று பார்க்க நடுவர் மட்டும்தான் இருக்கிறார்.