பைனாகுலர் லென்ஸைத் துடைக்கப் போறீங்களா? துண்டை எடுக்கும் முன் இதைப் படிங்க!

தை பிறந்தால் போதும், சேலம், நாமக்கல் பக்கத்து ஏரிக்கரைகளில் கழுத்தில் பைனாகுலர் தொங்க நடப்பவர்களை விடியற்காலையிலேயே பார்க்கலாம். 2010-ல் சேலம் மக்கள் குழு தத்தெடுத்துச் சீரமைத்த கன்னங்குறிச்சி மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரி, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகிறார்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்டு கவுன்ட். கூடவே வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு. மாணவர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என எல்லோரும் கலந்துகொள்ளும் வேலை இது.

இந்தக் கணக்கு சரியாக வர, கூர்மையான கண் மட்டும் போதாது. கரையோரச் சேற்றில் ஓடும் பட்டாணி உப்புக்கொத்தியை அடையாளம் சொல்வது அதன் கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய மஞ்சள் வளையம். லென்ஸ் மங்கியிருந்தால் முதலில் காணாமல் போவது அந்த வளையம்தான். பறவை எதிரிலேயே இருக்கும், பெயர் மட்டும் மாறிப் பதிவாகிவிடும்.

லென்ஸ் எப்படி மங்குகிறது? பயன்படுத்துவதால் வரும் சேதத்தைவிட, தப்பாகத் துடைப்பதால் வரும் சேதமே அதிகம். தோளில் கிடக்கும் துண்டு, புடவை முந்தானை, சட்டை நுனி... இவைதான் முதல் எதிரிகள்.

நீங்கள் துடைப்பது வெறும் கண்ணாடியை அல்ல

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் பல லென்ஸ்கள், பட்டகங்கள் இருக்கின்றன. பூச்சு இல்லாத 10 பரப்புகளைத் தாண்டி வருவதற்குள் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி.

இதற்கு 1935-ல் வழி கண்டவர், ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மகுலா. லென்ஸின் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவைத்தால், திரும்பிப் போகும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். இந்தப் பூச்சுக்கு அதிகம் பயன்பட்ட பொருள் மெக்னீசியம் ஃபுளோரைடு. ஒற்றைப் பூச்சின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு. இன்றைய தரமான பைனாகுலர்களிலும் ஸ்பாட்டிங் ஸ்கோப்களிலும் இப்படிப் பல அடுக்குகள் இருக்கும். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் பச்சை, ஊதா மினுமினுப்பு அதுதான்.

அதில் விழுந்த கீறலை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. கீறல்கள் சேரச் சேர, எதிர்வெயிலில் பார்க்கும்போது காட்சி முழுக்க வெள்ளைப் படலம் போட்டதுபோல் தெரியும்.

நம்ம ஊர் தூசி லேசுப்பட்டதில்லை

மாமாங்கம் பக்கம் மேக்னசைட் வெள்ளைத் தூசி, நாமக்கல் பக்கம் கோழித்தீவனத் தூசி, போர்வெல் போடும் இடங்களில் பாறைப் பொடி, எங்கும் பரவிக் கிடக்கும் செம்மண். இவற்றில் ஆபத்தானது மண்ணிலும் பாறைப் பொடியிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5 தான். தூசி படிந்த லென்ஸைத் துணியால் தேய்ப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். துணி எவ்வளவு மிருதுவாக இருந்தாலும், அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய மணல் மிருது இல்லையே!

கண் வைக்கும் பக்கத்தில் வேறு கதை. வியர்வை, இமையில் தீட்டிய மை, விரலில் ஒட்டிய தேங்காய் எண்ணெய், குனியும்போது நெற்றியிலிருந்து உதிரும் விபூதி என எல்லாம் அங்கேதான் சேரும். படத்தை அதிகம் கெடுப்பதும் இந்தப் பக்கத்து அழுக்குதான். முன்பக்கப் பெரிய லென்ஸில் நாலு தூசி இருந்தால் காட்சியில் எதுவும் தெரியாது. அதற்காகத் தினமும் துடைக்க வேண்டியதில்லை.

சரியான முறை: வரிசை மாறக் கூடாது

1. ஊதுங்கள். கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் புளோயரை வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்து ஊதினால் தூசி கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், வேண்டாம்.

2. பிரஷ் போடுங்கள். லென்ஸுக்கென்றே விற்கும் மிருதுவான பிரஷால், அழுத்தாமல் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். பிரஷ் முனையில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய் பிரஷில் ஏறி, அங்கிருந்து லென்ஸுக்குப் போய்விடும்.

3. இங்கே நிறுத்திப் பாருங்கள். பல நாள் இவ்வளவு போதும். கைரேகையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் மட்டும் அடுத்த படி.

4. ஈரப்படுத்தித் துடையுங்கள். கேமரா லென்ஸ் திரவத்தை இரண்டு சொட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியிலோ லென்ஸ் பேப்பரிலோ விடுங்கள். நேரடியாக லென்ஸில் விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கலாம். நடுவிலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளியே வாருங்கள். கை பாரம் லென்ஸில் இறங்கக் கூடாது.

5. துணியின் பக்கத்தை மாற்றுங்கள். ஒரு முறை துடைத்த பக்கத்தால் மறுபடி துடைத்தால், எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம்.

ஸ்கோப்புக்கும் இதே வரிசைதான். இரண்டு விஷயங்கள் மட்டும் கூடுதல். அதன் முன் லென்ஸ் பெரியது என்பதால் துணியை இரண்டு, மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். கண் லென்ஸைக் கழற்றி மாட்டும் மாடல் என்றால், தூசி பறக்கும் இடத்தில் கழற்றக் கூடாது.

சேற்றில் விழுந்துவிட்டதா? முழு வாட்டர்ப்ரூஃப் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும், மெல்லிய குழாய்த் தண்ணீரில் அலசலாம். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளிகள் நிற்கும். கடைசி அலசலுக்கு, பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள்.

இதெல்லாம் கூடவே கூடாது

* பஞ்சர் கடை ஏர் கம்ப்ரஸர். காற்றோடு எண்ணெயும் ஈரமும் வரும். அழுத்தம் தூசியை உள்ளேயே தள்ளிவிடும்.
* ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர் ஜெல். முதல் இரண்டும் பூச்சையோ பிளாஸ்டிக்கையோ கெடுக்கலாம். மூன்றாவது பிசுபிசுப்பை விட்டுப்போகும்.
* டிஷ்யூ பேப்பர், பழைய பனியன் துணி.
* கம்ஃபர்ட் போன்ற திரவத்தில் அலசிய மைக்ரோஃபைபர் துணி. லென்ஸில் படலம் படியும். துணியை லேசான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும்.
* கொசு விரட்டி க்ரீம் தடவிய கை. பல க்ரீம்களில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும்.

மழைக்காலத்தில் பூஞ்சை ஜாக்கிரதை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், அல்லது ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நனைந்த பைனாகுலரை அப்படியே தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. சில வாரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் தெரியும். அதுதான் பூஞ்சை. அது வெளியிடும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தடம் பதித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

நனைந்தால் வெளிப்புறத்தை ஒற்றியெடுத்து, நிழலில் காற்றாட உலர விடுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். உலர்ந்தபின் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தலாம், அல்லது புதிது போடலாம். அந்துருண்டையும் கற்பூரமும் வேண்டாம், அவற்றின் ஆவி கண்ணாடியில் படியும்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிகிறதா? பயப்பட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். பையோடு சிறிது நேரம் வெளியே வைத்தால் தானாகப் போய்விடும். உள்ளே ஈரமோ பூஞ்சையோ தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். பட்டகம் நூலளவு நகர்ந்தாலும் இரண்டு கண்ணுக்கும் இரண்டு காட்சி தெரியும், தலைவலிதான் மிச்சம். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதே நல்லது.

குழந்தைகள் கையில் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே பைனாகுலரை இருபது பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கும் பள்ளிகளில் மூன்று விதிகள் போதும். முதலில் வாரைக் கழுத்தில் மாட்டு. கண்ணாடியில் விரல் வைக்காதே. மங்கலாகத் தெரிந்தால் நீயே துடைக்காமல் டீச்சரிடம் சொல். கூடவே நாலாவதாக ஒன்று, இது கண்ணுக்கான விதி: சூரியனை ஒருபோதும் இதில் பார்க்காதே. கண் நிரந்தரமாகப் பாதிக்கப்படும்.

சில ஆயிரங்களிலிருந்து லட்சத்தைத் தாண்டும் விலை வரை விற்கும் பொருள் இது. காப்பாற்றுவதற்கு ஒரு புளோயர், ஒரு பிரஷ், ஒரு துணி, ஒரு சிறு குப்பி திரவம் போதும். இதே வரிசை, உங்கள் கேமராவுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும்கூடப் பொருந்தும். நம் கை சும்மா இருக்கும் வரை லென்ஸ் நன்றாகவே இருக்கும்!