தாயும் பிள்ளையும், நடுவில் ஒரு டிரஸ்டும்

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பார்கள் நம்மூரில். இந்தப் பழமொழிக்கு ரொம்பக் காஸ்ட்லியான உதாரணம் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. இரும்புத் தாதுச் சுரங்கத் தொழிலில் அந்த நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஜீனா ரைன்ஹார்ட்டும், அவருடைய பிள்ளைகளும் குடும்ப டிரஸ்டுக்காகப் போட்டுக்கொண்ட வழக்குதான் அது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "காசு ஜாஸ்தியாப் போச்சுன்னா பெத்த தாயையே கோர்ட்டுக்கு இழுக்கும்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பி.காம். வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

டிரஸ்ட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கல்யாண மண்டபமும் இன்ஜினியரிங் காலேஜும்தான். அவை தர்ம டிரஸ்டுகள் (பேப்பரிலாவது!). குடும்ப டிரஸ்ட் வேறு. தாத்தா பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து எழுதுகிறார். நேராக அவர்கள் கையில் கொடுக்காமல், நடுவில் ஒருவரிடம் ஒப்படைத்து, "இவர்களுக்காக நீ வைத்துப் பார்த்துக்கொள், இன்ன வயதானதும் கொடுத்துவிடு" என்கிறார். சட்டப்படி சொத்து இருப்பது டிரஸ்டி பெயரில். அதன் பலன் போய்ச் சேர வேண்டியது வேறு ஆட்களுக்கு. எல்லா வில்லங்கமும் இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

ஜீனாவின் அப்பா லாங் ஹான்காக் 1988-ல் அப்படித்தான் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தினார். நாலு பேரப்பிள்ளைகள்தான் பயனாளிகள். குடும்பக் கம்பெனியான ஹான்காக் பிராஸ்பெக்டிங்கில் 23 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கு அதில் இருந்தது. 1992-ல் லாங் இறந்த பிறகு மகள் ஜீனா டிரஸ்டி. கம்பெனியின் மீதிப் பங்கும் தலைமைப் பதவியும் அவரிடமேதான். கடைசிப் பேத்திக்கு 25 வயது ஆகும் நாளில், அதாவது 2011 செப்டம்பர் 6 அன்று, சொத்து பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும்.

மூன்று நாள் முன்னால், செப்டம்பர் 3 அன்று, அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. இப்போது பங்குகள் உங்கள் கைக்கு வந்தால் பெரிய வரி கட்ட வேண்டியிருக்கும், திவாலாகிவிடுவீர்கள் என்கிற ரீதியில். தப்பிக்க வழி? டிரஸ்டை 2068 வரை நீட்டிப்பது! 2068-ல் அந்தக் கடைசிப் பெண்ணுக்கே வயது எண்பதைத் தாண்டியிருக்கும். பேரப்பிள்ளைகள் காலேஜ் முடித்து வேலைக்குப் போயிருக்கும் வயதில் தாத்தா கொடுத்த சொத்து கைக்கு வரும்.

மூன்று பேர் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைக்குட்டி மட்டும் அம்மா பக்கம். விவரம் வெளியே வரக்கூடாது, குடும்பத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ஜீனா தரப்பு வாதாடியது. அந்தத் தடை 2012 மார்ச்சில் விலகியது. 2013-ல் வழக்கு போட்டவர்களில் ஒருவர் விலகிக்கொண்டார். அதே வருஷம் அக்டோபரில் ஜீனா டிரஸ்டி பொறுப்பை விட்டுத்தர ஒப்புக்கொண்டார். 2015 மே மாதம் கோர்ட் மகள் பியாங்காவை டிரஸ்டி ஆக்கியது.

அம்மா பக்கமும் நியாயம் உண்டு. அப்பா விட்டுப்போன கம்பெனி ஒன்றும் கொழுத்த நிலையில் இல்லை. அதை இந்த அளவுக்கு வளர்த்தது ஜீனாதான். "நான் ரத்தம் சிந்தி வளர்த்ததை இதுங்க வந்து கலைக்கப் பார்க்குதுங்க" என்று ஒரு அம்மா நினைத்தால் எனக்குப் புரிகிறது. ஆனால் டிரஸ்டி அப்படி நினைக்க முடியாது. அந்த 23 சதவீதத்தைப் பொறுத்தவரை அவர் முதலாளி இல்லை, காவல்காரர். அவர் கெட்டவரா நல்லவரா என்பதே இங்கே கேள்வி இல்லை. கம்பெனியை முழுக்கத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறவரையே அந்தக் கம்பெனிப் பங்கைப் பிள்ளைகளுக்காகக் காக்கச் சொன்னால், அவர் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதுகிறார் என்று எப்படித் தெரியும்?

நம் இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-ஆம் வருஷத்தது. பழசு என்று சிரிக்காதீர்கள். 19-ஆம் பிரிவுப்படி டிரஸ்டி ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும், பயனாளி கேட்டால் முழு விவரமும் தர வேண்டும். 57-ஆம் பிரிவு, பத்திரத்தையும் கணக்கையும் பார்த்து நகல் எடுக்கும் உரிமையைப் பயனாளிக்குத் தருகிறது. ஆனால் நம் வீடுகளில் எவன் கேட்பான்? "சித்தப்பா, அந்த வாடகைக் கணக்கு..." என்று ஆரம்பித்தாலே போதும், "என்னையே சந்தேகப்படறியா?" என்று அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. கணக்குக் கேட்பது பேராசை என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். பியாங்காவைத் திட்டுகிறவர்களும் இந்த ஜாதிதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இதற்கு அப்புறம். 2006 வாக்கில் பிள்ளைகள் சில ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவற்றில் தகராறு வந்தால் ரகசிய ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு ஷரத்து. அந்த ஒப்பந்தமே செல்லாது, எங்களை ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று அவர்கள் சொன்னார்கள். அந்தக் கேள்வியும் ஆர்பிட்ரேஷனில்தான் முடிவாக வேண்டும் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்சகட்டம்) 2019 மே மாதம் சொல்லிவிட்டது. கான்ட்ராக்ட் சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஆனால் இரண்டு வியாபாரிகள் போடும் ஒப்பந்தமும் டிரஸ்டி பயனாளியிடம் நீட்டும் காகிதமும் ஒன்றா? கணக்கெல்லாம் ஒரு பக்கம், நம்பிக்கை மட்டும் மறுபக்கம்.

இதில் நம் உச்ச நீதிமன்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் ஒரு குடும்ப டிரஸ்ட் வழக்கில், டிரஸ்ட் பத்திரத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தும் அது செல்லாது என்றது. பயனாளிகள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்தே போடவில்லை, பத்திரம் எழுதியபோது அவர்கள் சின்னப் பிள்ளைகள். தவிர, இந்தத் தகராறுகளைத் தீர்க்க டிரஸ்ட் சட்டமே வழி வைத்திருக்கிறது, கோர்ட்டுக்குப் போங்கள் என்றது. இழுக்கும், பத்து வருஷம் ஆகும், வக்கீல் ஃபீஸில் சொத்து கரையும்... எல்லாம் சரி. ஆனாலும் கோர்ட் என்றால் கதவு திறந்திருக்கும்.

இன்னும் ஒருபடி மேலே போக வேண்டும் என்பேன். பயனாளிக்கு 18 வயது ஆன நாளிலிருந்து, அவர் கேட்காமலே, வருஷா வருஷம் ஆடிட் செய்த கணக்கு அவர் கைக்குப் போக வேண்டும். கேட்டால் தருவேன் என்பது போதாது. கேட்பதற்குத்தானே நம் வீடுகளில் தைரியம் வருவதில்லை.

ஒன்று விட்டுப்போச்சு. 2015-ல் டிரஸ்டி ஆன பியாங்காவுக்கும் இதே கடமைதான். எதிர்ப்பக்கம் நின்ற அந்தக் கடைசித் தங்கை "அக்கா, கணக்கு?" என்று கேட்டால், ரசீது உட்பட எடுத்து வைக்கத்தான் வேண்டும்.