வலி வந்தால் படுத்துவிடலாமா?

 

எங்கள் குண்டடத்தில் காலை விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். அவற்றில் ஏறிச் செல்வோர் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் குனிந்து அமர்ந்தும், செக்கிங் மேசையருகே நின்றும் பகல் முழுவதையும் கழிக்கின்றனர். இரவில் திரும்பும்போது இடுப்பு வலியையும் கழுத்து வலியையும் உடன் கொண்டு வருகின்றனர்.

அவர்களுள் ஒரு சகோதரி இடுப்பு வலியால் வேலையை விட்டார். "அசையாமல் படுத்திருங்கள் அம்மா" என்றார் மகன். மருமகள் உணவையும் தண்ணீரையும் கட்டிலருகே கொண்டு வந்து வைத்தார். ஆறு மாதம் சென்றபின், ஒளூச் செய்யும் இடம் வரை நடப்பதற்கே அந்தத் தாய் அஞ்சினார். குடும்பத்தாரின் அன்பில் குறையில்லை. அதைக் காட்டிய வழிதான் தவறிவிட்டது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். புதிதாய்ப் பட்ட காயத்தின் வலி, ஆபத்தை அறிவிக்கும் மணியோசை போன்றது. நாட்பட்ட வலியிலோ, காயம் ஆறிய பின்னரும் நரம்புகளும் மூளையும் அந்த மணியை அடித்துக்கொண்டே இருக்கக்கூடும். அதனால் வலி பொய் என்று ஆகிவிடாது. ஆனால் வலிக்கும்போதெல்லாம் உடல் சேதமடைகிறது என்றும் பொருளன்று. இதை அறியாது படுத்துவிட்டால் தசை மெலியும், மூட்டு இறுகும், உறக்கம் கெடும், அச்சம் வளரும். பின்னர் சிறு அசைவும் பெரிதாய் வலிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலி குறித்து 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியைச் சிகிச்சையாகவே பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையைப் பரிந்துரைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்று 2024இல் வெளியாயிற்று. மீண்டும் வலி வருவதற்கு, நடைப்பயிற்சியும் அறிவுரையும் பெற்றோருக்கு ஏறத்தாழ 208 நாட்களும், பெறாதோருக்கு 112 நாட்களும் ஆயின. நடப்பதற்குக் காசு எதுவும் தேவையில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். இதில் சலுகையும் உண்டு. படிப்படியான வரிசையும் உண்டு. இயன்றதைக் கைவிடாதிருத்தலே அளவுகோல். பள்ளிவாசலில் நாற்காலியில் தொழுபவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அவருடைய வலியை அல்லாஹ் அறிவான். ஆயினும் நம் வலிக்கு நாம் இந்த அளவுகோலைக் கொள்ளலாமல்லவா? தொழுகை இபாதத், அதையே உடற்பயிற்சியாக எண்ணிவிடலாகாது. நடை தனியே வேண்டும்.

அந்தச் சகோதரி மருத்துவர் சொற்படி, தெருமுனை வரை ஐந்து நிமிடம் நடக்கத் தொடங்கினார். வாரந்தோறும் சிறிது கூட்டினார். நலமான நாளில் அளவு மீறவும் இல்லை. வலித்த நாளில் முற்றிலும் நிறுத்தவும் இல்லை. வலி அடியோடு நீங்கிவிடவில்லை. ஆனால் இன்று பேத்தியை எங்கள் மதரஸாவிற்கு அவரே அழைத்து வருகிறார். அல்ஹம்துலில்லாஹ்!

ஓர் எச்சரிக்கை: கால் மரத்துப் போதல், வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை, காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, விழுந்து அடிபடுதல் ஆகியவற்றோடு வலி இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கம்பெனி நடத்தும் சகோதரர்களே! பீஸ் ரேட்டில் உழைப்பவர் எழுந்து நடக்கும் இரண்டு நிமிடத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

குடும்பத்தாரே! வலியோடு இருப்பவரிடம் "படுத்தே இருங்கள்" என்றும் சொல்லாதீர்கள். "சோம்பல்" என்றும் பழிக்காதீர்கள். செருப்பை எடுத்து வைத்து, "வாருங்கள், தெருமுனை வரை போய் வருவோம்" என்று கூப்பிடுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். கை பிடித்து உடன் நடப்பது நம் கடமை.