படிப்பு மிகுந்தவரை விலக்குவது அநீதியா?

அதிகம் படித்தவன் என்ற காரணத்தால் ஒருவனுக்கு உத்தியோகம் மறுக்கப்படுவது அநியாயம் என்ற அபிப்பிராயம் நம்மிடையே ஏறக்குறைய சர்வசம்மதமாக நிலவுகிறது. பஞ்சாப் நேஷனல் பாங்கின் வழக்கில் 2020 நவம்பர் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு இதற்கு நேர் விரோதமானது. அதுவே சரியான தீர்ப்பு என்பது என் துணிபு. பியூன் வேலைக்கு வெளியிட்ட விளம்பரத்தில் அந்த பாங்கு, விண்ணப்பிப்பவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், 1-1-2016 அன்று பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று இரண்டு வரம்புகளையும் தெளிவாகவே சொல்லியிருந்தது. 2014-லேயே பட்டம் பெற்றுவிட்ட ஒருவர் அதை வெளியிடாமல் விண்ணப்பித்துத் தேர்வும் ஆனார். உண்மை தெரிந்ததும் பாங்கு அவரை ஏற்க மறுத்தது. ஒரிஸ்ஸா ஹைகோர்ட்டு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா ஆகிய மூவரும் அந்த உத்தரவை ரத்துசெய்து, ஒரு வேலைக்கு எந்தப் படிப்பு பொருத்தம் என்று முடிவுசெய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்றார்கள்.

இதை ஆட்சேபிப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது அரசியல் சாசனத்தின் 16-ஆவது ஷரத்தை. சர்க்கார் உத்தியோகத்தில் சகலருக்கும் சமவாய்ப்பு என்று அது சொல்வது மெய். ஆனால் மதம், இனம், ஜாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிக்கும் இடம் என்று பாகுபாட்டுக்கு ஆகாத காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியவர்கள் அந்த வரிசையில் கல்வியைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் டாக்டர் வேலைக்கு வைத்தியப் படிப்பு வேண்டும் என்று கேட்பதே குற்றமாகியிருக்கும். கீழ்வரம்பு விதிக்கும் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறவர், மேல்வரம்பு மட்டும் சமத்துவத்துக்கு விரோதம் என்பாரானால், அதற்குத் தனியாகக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

அவர்கள் காட்டும் காரணம், பெரிய படிப்பில் சிறிய படிப்பு அடக்கம் என்பது. கேரள மின்சார வாரியத்தின் சப்-இன்ஜினியர் பதவிக்கு, டிப்ளமோ கேட்ட இடத்தில் பி.டெக். படித்தவர்களும் தகுதியுடையவர்களே என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதையும் இவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது அந்த மாநிலத்துச் சேவை விதி என்பதையும், அப்படிப்பட்ட விதி இல்லாத ஜம்மு-காஷ்மீரத்தில், ஐ.டி.ஐ. கேட்ட மூன்றாம் நிலை டெக்னீஷியன் வேலைக்கு எலக்ட்ரிகல் டிப்ளமோ போதும் என்ற வாதத்தை அதே கோர்ட்டு 2018-இல் நிராகரித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்கம்பி அறுந்து கிடக்கும் மழை இரவில், லைனை ஆஃப் செய்யச் சொல்லி, ஆஃப் ஆகிவிட்டதா என்று தானே சோதித்து, டிஸ்சார்ஜ் ராடால் கம்பியை எர்த் செய்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறுகிற மனிதனின் அறிவு, பட்டறையில் கைபழகி வந்த அறிவு. டிப்ளமோவில் கணக்கும் வரைபடமும் மிகுதியாக இருப்பதனாலேயே இந்தப் பழக்கம் அதில் அடங்கிவிட்டதாகக் கொள்வதற்கில்லை. படிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் என்ற எண்ணமே பல இடங்களில் பிழையானது.

அதிகம் படித்தவர் அந்த வேலையை இன்னும் திறமையாகச் செய்வார் என்பது அடுத்த வாதம். காலையில் கிளையைத் திறந்து, வவுச்சர்களைக் கவுண்டருக்குக் கவுண்டர் எடுத்துச் சென்று, தபால் கொண்டுபோய்க் கொடுத்து வரும் வேலையில் ஒரு பி.ஏ. பட்டம் கூட்டித் தரக்கூடிய திறமை இன்னதென்று யாரும் சொன்னதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அடுத்த பரீட்சைக்குப் படித்து, தேறியவுடன் அவர் விலகிப் போவதும், இடம் மறுபடி காலியாவதும் மிகவும் இயல்பு.

நான்காவதாக வருவது இரக்கம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. 2015-இல் உத்தரப் பிரதேசத்தில் 368 பியூன் இடங்களுக்கு 23 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 255 பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். 2019-இல் கோயம்புத்தூர் மாநகராட்சியின் 549 துப்புரவுத் தொழிலாளர் இடங்களுக்கு இன்ஜினியர்களும் வரிசையில் நின்றார்கள். நெஞ்சு பதைக்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்தப் பட்டதாரிக்கு நாம் காட்டும் தயவுக்கு விலை கொடுப்பவர் யார்? குடும்பக் கஷ்டத்தால் பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் பள்ளியை விட்டவர். பட்டதாரிக்குக் குமாஸ்தா பரீட்சையும் ஆபீசர் பரீட்சையும் எழுத வழியிருக்கிறது. இவருக்கு இந்த ஒரு வாசல்தான். நம் ஊர் குரூப் 4 தேர்வில் குறைந்தபட்சத் தகுதி எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதியிருக்கிறது, மேல்வரம்பு இல்லை. பட்டமேற்படிப்பு முடித்தவரோடு ஒரே வினாத்தாளில் போட்டியிடும் எஸ்.எஸ்.எல்.சி. மட்டுமே படித்தவருக்கு, அந்தத் தகுதி பெரும்பாலும் காகிதத்தில் கிடைத்த தகுதியாகவே நின்றுவிடுகிறது. பட்டதாரிகளுக்குப் பட்டத்துக்கேற்ற வேலை இல்லை என்ற பெரிய குற்றம் சர்க்காருடையது. அதற்கான பரிகாரத்தை ஏழையிலும் ஏழையின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

அதிகாரம் கொடுத்தால் துஷ்பிரயோகம் நேரும் என்ற அச்சம் ஒன்று பாக்கி. அதில் உண்மை உண்டு. நாகபுரி ஜில்லா கோர்ட்டு பியூன் நியமனத்தைப் பற்றிய வழக்கில், அதிகப் படிப்பைக் காட்டி ஒருவரைப் பரிசீலிக்கவே மறுப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று 2000-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆகவே வரம்பில்லாத அதிகாரத்தை நான் கேட்கவில்லை. மேல்வரம்பு வேலையின் தன்மையோடு பொருந்த வேண்டும். விளம்பரத்திலேயே முன்கூட்டிச் சொல்லப்பட வேண்டும். ஆட்களுக்குத் தக்கவாறு பாதிவழியில் மாற்றப்படக் கூடாது. வேலையில் சேர்ந்த பிறகு தபால்வழியிலோ மாலைக் கல்லூரியிலோ படித்துப் பட்டம் பெறுகிறவருக்குப் பதவி உயர்வை அடைக்கக் கூடாது. அந்த பாங்கின் நிபந்தனை ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலையை மட்டுமே கேட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அடுத்த நியமன விளம்பரத்தை எழுத உட்காரும் அதிகாரிகள், கடைநிலை இடங்களுக்குக் கீழ்வரம்பை எழுதும்போதே மேல்வரம்பையும் அச்சமின்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.